ராகலையில் கொட்டப்பட்ட பால்

நுவரெலியாவில் பெட்டியை இறக்கி வைத்ததுமே அக்கா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த நான்கு நாளும் எந்த ஓட்டல் சமையலறைக்குள்ளும் நான் எட்டிப் பார்க்கக் கூடாது. எண்ணெயின் நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பரிமாறுகிறவரின் நகத்தைக் கவனிக்கக் கூடாது.

"கவனிச்சாலும் பரவாயில்லடி. கவனிச்சதை என்கிட்ட சொல்லாத" என்றாள்.

அவள் பயத்தில் நியாயம் உண்டு. நான் திண்டுக்கல் பக்கம் உணவுப் பாதுகாப்பு அலுவலர். என்னோடு போய் அவள் நிம்மதியாக ஒரு பஜ்ஜி சாப்பிட்டதில்லை. அவள் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. அறுபத்திரண்டு வயதிலும் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள். பயணம் என்னவோ எனக்குத்தான். தோட்டத்தில் தொடங்கிக் கடைவரைக்கும் உணவை இங்கே எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். "குளிரும், நல்ல டீ கிடைக்கும், வேற என்ன வேணும்?" என்று அவளாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் யோகராஜா. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்பது அவர் அலுவலகப் பலகையில் இருக்கும் பெயர். ஊருக்கு அவர் பி.எச்.ஐ. ஐயா. ஓட்டல் சமையலறை, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை, இறைச்சிக்கடை, கிணற்றுத் தண்ணீர், டெங்குக் கொசு எல்லாம் அந்த ஒரே மனிதரின் பொறுப்பு. எங்கள் ஊரில் இதற்கு நான்கு பேர் இருப்பார்கள். நான்கு பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும், நாங்கள் எதுவும் கேட்காமலேயே, ஒரு பெரிய தட்டு வந்தது. ரோல்ஸ், பட்டிஸ், மீன் வைத்த மாலு பண், பருப்பு வடை எல்லாம் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது.

"இத்தனையும் நமக்கா?"

"இல்லங்க. எத்தன சாப்பிடுறீங்களோ அதுக்கு மட்டும்தான் காசு. அந்தக் காலத்துல மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போயிரும்" என்றார் யோகராஜா.

என் வாய் தானாகத் திறந்தது. மேசைக்கு அடியில் கேன்வாஸ் ஷூ என் காலை மிதித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நானாவே கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். "இப்ப அப்படி இல்ல மேடம். ஐயா வந்து சொன்னதுக்குப் பொறகு எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான். கேட்டத மட்டும் இடுக்கியில எடுத்து வைக்கிறோம். ஆனா சனங்க கோவிக்கிறாங்க. என்ன நானா, கஞ்சனாயிட்டியான்னு கேக்கிறாங்க."

"அப்ப இந்தத் தட்டு?" என்றார் யோகராஜா.

நானா கொஞ்சம் நெளிந்தார். "இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிங்க ஆச்சே. ரெண்டே ரெண்டு வச்சா மரியாதையா இருக்குமா?"

விதியை எழுதுகிறவர்கள் லஞ்சத்தை நினைக்கிறார்கள், சோம்பலை நினைக்கிறார்கள். விருந்தோம்பலை யாரும் நினைப்பதில்லை. யோகராஜா கோபப்படவில்லை. தட்டில் இருந்தது எதுவும் திரும்பப் போகக் கூடாது, மிச்சம் முழுவதையும் எங்களுக்கே பொதிந்து தரவேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளைக்கு எங்கள் கைப்பையில் ரோல்ஸ் மணந்தது. அந்த ஊரின் சட்டதிட்டங்களில் அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

பக்கத்துக் கடையில் அவளுக்கு இன்னொன்றும் பிடித்தது. பானப் போத்தல்களில் சின்ன வட்டம் அச்சடித்திருந்தார்கள். சீனி அதிகமானால் சிவப்பு, நடுத்தரமானால் செம்மஞ்சள், குறைவானால் பச்சை. சர்க்கரை நோயாளியான அக்கா ஒவ்வொரு போத்தலாகத் திருப்பிப் பார்த்தாள். ஆசைப்பட்ட போத்தலில் எல்லாம் சிவப்பு. பச்சை வட்டம் போட்டதை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு" என்றாள்.

இரண்டாம் நாள் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தின் விலை, மடியில் ஒரு கட்டு லீக்ஸ், வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி ஒரு காய்கறி. யாரோ ஒருவர் மூட்டையோடு ஏறினார். கண்டக்டர் மூட்டையைப் பிரித்து, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கட்டை வைத்துக்கொண்டே போனார். எல்லாரும் பழகினவர்களைப் போல வாங்கிக்கொண்டார்கள். முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று யோகராஜாவிடம் கேட்டேன். "இந்த லீக்ஸ் எந்த ஆத்துல குளிச்சிட்டு வந்துச்சோன்னு ஒருத்தங்க கேக்கிறாங்க. பக்கத்துல இருக்கிற அம்மா சொல்றாங்க, பரவாயில்ல, நீ குளிக்கிற அதே ஆறுதான்னு" என்றார். காய்கறியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்பது எங்கள் ஊரிலும் யாரும் விடை சொல்லாத கேள்வி. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அக்கா லீக்ஸுக்குப் பின்னாலிருந்து முறைத்தாள்.

தொழிற்சாலையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தலைக்கு வலை போட்டார்கள், கையைக் கழுவவைத்தார்கள். தூளைச் சலிக்கும் அறை வாசலில் ஒரு தொழிலாளிப் பெண் எங்களை நிறுத்தினார். வளையல், மோதிரம், ஒட்டுப்பொட்டு எல்லாம் இங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. வேலை முடிந்து போகும்போது அவரவர் பொட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்களாம்.

"மொதல்ல எங்களுக்குக் கோவம் வந்துச்சுங்க. புருசன் இருக்கும்போது பொட்ட எடுக்கச் சொல்றாங்களேன்னு பெரிய சண்ட. பொறகு மேனேஜர் பெரியய்யா கேட்டாரு, ஒங்க பொட்டு தூள்ல விழுந்து சீமைக்குப் போனா, அங்க எவனாவது டீயோட சேத்து முழுங்கிருவானேன்னு. அது பாவம்தானேன்னு விட்டுட்டோம்" என்றார் அந்தப் பெண்.

அக்கா தன் பொட்டைக் கழற்றி, பலகையில் 'விருந்தினர்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒட்டினாள். நான் வைத்திருந்தது குங்குமம். அதைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். பதினெட்டு வருஷமாக மற்றவர்களைச் சோதிக்கிறவள் நான். அன்றைக்கு ஒருவர் என்னைச் சோதித்து நிறுத்தியது நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள்தான் இதை எழுதவைத்த நாள்.

"பாக்கெட் பாலக் கடையில பாத்தா பாதிதாங்க தெரியும். மாட்டுக்கிட்ட போவோம்" என்றார் யோகராஜா. அவருடைய மோட்டார் சைக்கிள் பழுதாகியிருந்ததால் மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் விடியற்காலையிலேயே ராகலைப் பக்கம் கிளம்பினோம். போகும் வழியில் அவர் விளக்கினார். மாடு கால்நடை மருத்துவரின் கையில். கறந்த பால் கம்பெனியின் கையில். கடைக்கு வந்த பாக்கெட் அவர் கையில். எங்கள் ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் எப்போதும் ஏதாவது நழுவுகிறது என்று நான் சொன்னேன். அன்றைக்கே கண்ணால் பார்க்கப்போகிறேன் என்று தெரியாது.

நாங்கள் பார்க்கப்போனவர் புஷ்பராணி. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் சின்னத் தொழுவம் கட்டி இரண்டு மாடு வைத்திருந்தார். அந்தப் பக்கத்திலேயே சுத்தமாகக் கறப்பவர் என்று அவருக்குப் பெயர். அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"வாங்க, வாங்க. குளிருக்கு மொதல்ல டீ குடிங்க" என்றவர், எங்கள் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுத் தொழுவத்தைக் காட்டினார். வெந்நீரில் மடியைக் கழுவுவதையும், முதல் பீச்சலை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துப் பால் திரிதிரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதையும் செய்தே காட்டினார். எங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டும் பாடம் அது. நான் மகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதித் தள்ளினேன்.

இரண்டு மாட்டில் ஒன்று செவலை. இன்னொன்று கறுப்பும் வெள்ளையுமாக, பெயர் புள்ளி. புள்ளியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இது எதுக்கு, திருஷ்டிக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லங்க. இவளுக்கு மடி வீங்கிப் போச்சு. மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டாரு. அவர் சொல்ற வரைக்கும் இவ பால யாருக்கும் குடுக்கக் கூடாது. அந்த ஞாபகத்துக்குத்தான் துணி. கறந்து கீழ ஊத்திருவேன்."

"இன்னைக்கு ஊத்தியாச்சா?" என்றார் யோகராஜா.

"பெரட்டுக்குப் போற அவசரத்துல வாளிய அந்த மூலையில வச்சிட்டு..." என்று புஷ்பராணி திரும்பினார். மூலையில் வாளி இல்லை.

அந்த நேரத்தில் அவருடைய கணவர் மாரிமுத்து உள்ளே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு வாளி. பளபளவென்று கழுவியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"விருந்தாளிங்க வர்ற நாளாச்சே, ஒனக்கு எதுக்குச் செரமம்னு நானே பால் சென்டருக்குக் கொண்டு போயி ஊத்திட்டு வந்துட்டேன். இன்னைக்குப் பால் கூடுதலா இருக்கேன்னு அங்க பால் வாங்குற சமன்கூடச் சொன்னாரு."

 புஷ்பராணியின் கண்கள் வாளியையும் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தன. மாரிமுத்துவின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல வடிந்தது.

"ரெண்டும் செவலையோடதுன்னுல நெனச்சேன்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு வாளிதானே. அம்புட்டுப் பெரிய டேங்குல..." என்று தொடங்கி, எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த டேங்கில் முப்பது வீட்டுப் பால் சேர்ந்திருக்கும். பவுசர் என்கிற டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனால் இன்னும் எத்தனையோ ஊர்ப் பாலோடு கலந்துவிடும். மருந்து கலந்த பால் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, புளிக்காது. சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். எல்லாருக்கும், நாளை உண்மையாகவே மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போக வழி செய்யும். இதையெல்லாம் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்துக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. அதிகாரி சொல்லி அந்தப் பெண் சென்டருக்குப் போகக் கூடாது, தானாகப் போகவேண்டும்.

புஷ்பராணி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டினார்.

"எந்தப் புள்ள குடிக்கப் போகுதோ, நமக்குத் தெரியுமா?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, யோகராஜாவிடம், "ஐயா, பவுசர் வர்ற நேரமாச்சு. ஆட்டோவுல ஏத்திட்டுப் போறீங்களா?" என்றார்.

யோகராஜா ஓடிக்கொண்டே போன் செய்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. குளிரூட்டும் எஞ்சின் ஓடும்போது சமனுக்குப் போன் சத்தம் கேட்காது என்றார் புஷ்பராணி. ஆட்டோவில் நெருக்கி ஏறினோம். மூன்றாவது வளைவில் ஒரு சத்தம். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் கேபிள் அத்துப் போச்சுங்க" என்றார், ஏதோ மழை வருகிறது என்று சொல்வதைப் போல நிதானமாக.

புஷ்பராணி ஒரு நொடிகூட நிற்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் ஓட ஆரம்பித்தார். அடுத்த நொடி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பின்னால் பாய்ந்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதியவள் தானே ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். யோகராஜாவும் நானும் பின்னால் ஓடினோம். நான் பாதியிலேயே சறுக்கி, அங்கே 'கான்' என்று சொல்லும் வடிகாலுக்குள் உட்கார்ந்துவிட்டேன். யோகராஜா கைகொடுத்துத் தூக்கினார். குறிப்பேடு நனைந்துபோனது.

நாங்கள் மேட்டிலிருந்து பார்த்தபோது பால் சென்டர் வாசலில் பவுசர் நின்றுகொண்டிருந்தது. குழாயைப் பொருத்திவிட்டார்கள். டிரைவர் பம்ப் விசைக்குக் கை நீட்டுகிறார். புஷ்பராணிக்கு மூச்சு வாங்கியதில் குரல் எழும்பவில்லை.

"நில்லு!" என்றாள் அக்கா.

ஒரு மைதானத்தையே நிறுத்திப் பழகிய குரல் அது. அந்த டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் நின்றார். கையை விசையிலிருந்து எடுத்து, முதுகை நேராக்கி, ஏறக்குறைய அட்டென்ஷனில் நின்றார்.

சென்டரின் பொறுப்பாளர் சமன் வெளியே வந்தார். அந்தப் பக்கத்துச் சிங்களவர். புஷ்பராணி அவரிடம் சிங்களத்தில் படபடவென்று சொன்னார். அவர் சொன்னதை யோகராஜா என் காதில் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "சமன், ஊசி போட்ட மாட்டோட பால் டேங்குல விழுந்துருச்சு. தெரியாம நடந்தது. தப்பு என் வீட்டுலதான். தொறக்காதீங்க."

சமன் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். டேங்கிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து வைத்தார். சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். பட்டையில் கோடுகள் எல்லாம் விழுந்தால் பால் நல்லது. ஒரு கோடு விழாமல் போனால் மருந்து இருக்கிறது.

எல்லாரும் அந்தப் பட்டையைச் சுற்றி நின்றோம். பவுசர் டிரைவரும் எட்டிப் பார்த்தார். அக்கா என் காதில், "கர்ப்பம் பாக்கிற மாதிரியே இருக்கேடி" என்றாள். நான் சிரிக்கவில்லை. விழட்டும், விழட்டும் என்று மனசுக்குள் அந்தக் கோட்டைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எத்தனையோ சோதனை செய்திருக்கிறேன். இப்படி ஒரு முடிவுக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கோடு விழவில்லை.

சமன் இரண்டாவது பட்டையையும் நனைத்துப் பார்த்தார். அதிலும் விழவில்லை. பவுசரின் குழாயைக் கழற்றிவிட்டு, டேங்கின் அடிக்குழாயைச் சென்டருக்குப் பின்னால் இருந்த குழிக்குத் திருப்பினார். வெள்ளை வெளேரென்று முப்பது வீட்டுக் காலை உழைப்பு மண்ணில் இறங்கியது.

எங்கள் ஊரில் நான் நிறையப் பால் கொட்டியிருக்கிறேன். யூரியா கலந்தவன், மாவு கலந்தவன், தண்ணீர் கலந்தவன் என்று பிடித்து, படம் எடுக்கும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு வெற்றி மாதிரி இருக்கும். ஒருவர் உண்மையைச் சொன்னதற்காகப் பால் கொட்டப்படுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். 

செய்தி லயங்களுக்கு எப்படிப் போனதோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் செல்வி, புஷ்பராணியின் பக்கத்து லயத்துக்காரர்.

"எங்க வீட்டுப் பால் என்னாங்க பாவம் பண்ணிச்சு? விடிய நாலு மணிக்கு எந்திரிச்சிக் கறந்தது! சுத்தக்காரி, சுத்தக்காரின்னு ஊரே ஒன்னயத்தானே சொல்லுது? இதானா ஒன் சுத்தம்?"

புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குள் மாரிமுத்து ஓடிவந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கி மனைவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவளத் திட்டாதீங்க. ஊத்துனது நான். அவ அத ஒதுக்கித்தான் வச்சிருந்தா. ஒரு நாளு ஒத்தாச பண்ணப் போயி இப்படி ஆக்கிட்டேன்."

"அப்ப இனிமே ஒத்தாச பண்ணாதீங்க!" என்றார் செல்வி. கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் கோபம் இறங்கவில்லை.

கம்பெனியின் கள அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். இளைஞர், கையில் ஒரு கோப்பு. விதிப்படி மருந்துப் பால் ஊற்றியவரின் அட்டையை வாங்கிவிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அட்டை போனால் அந்தச் சென்டரில் புஷ்பராணி இனி பால் ஊற்ற முடியாது. யோகராஜா அதைத் தமிழில் சொன்னதும் கூட்டம் சட்டென்று அமைதியானது. செல்விகூட வாயை மூடிக்கொண்டார்.

சமன் பேசினார். மெதுவாக, காகிதப் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அதையும் யோகராஜாதான் எங்களுக்குச் சொன்னார்: "இந்தப் பெட்டி இங்க வந்த நாள்லேருந்து நான் மருந்துப் பால் பிடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் கண்டுபிடிச்சேன். தானா ஓடி வந்து சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன். இவங்க அட்டைய வாங்கினீங்கன்னா, அடுத்த தடவ யாரும் ஓடி வரமாட்டாங்க."

கள அதிகாரி என்னைப் பார்த்தார். உங்கள் நாட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

சேறு அப்பிய சேலையோடு நின்றிருந்தேன்.  "எங்க சட்டத்துலயும் தண்டனை இருக்கு. வந்து சொன்னவங்களுக்கு என்ன செய்யணும்னு எழுதின பக்கத்தை நானும் இன்னும் பார்க்கல" என்றேன். யோகராஜா சிங்களத்தில் சொன்னார். அந்த இளைஞர் கோப்பைத் திறந்து பார்த்தார், மூடினார், மேலதிகாரிக்குப் போன் செய்துகொண்டே தேயிலைப் பக்கம் நடந்தார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மறுபடி இப்படி நடக்காம இருக்க என்ன வழி?" என்றுதான் கேட்டார்.

"மாட்டுக் கழுத்துல சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே" என்றார் மாரிமுத்து.

செல்விக்கு மறுபடி கோபம் வந்தது. "மாட்டுக் கழுத்துல கட்டினா வாளிக்கு எப்படிங்க தெரியும்? வாளியில ரெண்டு பாலும் வெள்ளையாத்தானே இருக்கு! கறந்த ஒடனே நாலு பீட்ரூட் தோலப் போட்டு வைக்க வேண்டியதுதானே? செவசெவன்னு ஆயிரும். எந்த ஆம்பளையும் தூக்கிட்டு ஓடமாட்டான்."

 யோகராஜா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். செல்வி சொன்னதை அவர் சிங்களத்தில் சொன்னதும் சமன் தலையாட்டினார், கள அதிகாரி சிரித்தார். அந்த மலையில் பீட்ரூட் இல்லாத வீடு கிடையாது. என்னுடைய குறிப்பேடு நனைந்திருந்ததால் அக்காவின் பர்ஸில் இருந்த முந்தின நாள் பேருந்துச் சீட்டின் பின்னால் நானும் எழுதிக்கொண்டேன். நான் படித்த விதிகளில் பாதி, யாரோ ஒருவர் யார்மேலோ கோபப்பட்ட காலையில்தான் பிறந்திருக்கும்.

இன்னொன்றையும் அங்கேயே முடிவு செய்தார்கள். பாலை வாங்குமுன் சமன் ஒவ்வொருவரிடமும், மாட்டுக்கு ஊசி போட்டதா என்று கேட்கவேண்டும். பதிலைக் கேட்ட பிறகுதான் டேங்கின் மூடியைத் திறக்கவேண்டும்.

மத்தியானம் புஷ்பராணி வீட்டில் சோறு. எங்களுக்காக முந்தின நாளே திட்டம் போட்டிருந்தாராம். லீக்ஸ் பிரட்டல், பருப்பு, கருவாட்டுச் சம்பல். லீக்ஸை எந்தத் தண்ணீரில் கழுவினார் என்று நான் கேட்கவில்லை. சத்தியத்துக்காக அல்ல, தோன்றவே இல்லை. அக்கா மூன்று தடவை சோறு வாங்கினாள். புஷ்பராணி பரிமாறினாரே தவிர, தன் தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"செல்வி நல்லவதாங்க. ஆனா முப்பது வீடு இருக்கு. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வரிசையில நிப்பேன்?" என்றார்.

  மாரிமுத்து எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரத்தில் ஒரு பை நிறைய பீட்ரூட்டோடு திரும்பி வந்து, தொழுவத்து வாசலில் தொங்கவிட்டார்.

நான்காம் நாள் நாங்கள் புறப்பட வேண்டும். "போற வழியில சென்டரப் பாத்துட்டுப் போவோம்" என்றாள் அக்கா. கேபிள் மாற்றிய அதே ஆட்டோ. இந்தத் தடவை வளைவுகளில் ஓட்டுநரைவிட நாங்கள்தான் அதிகமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பனி விலகாத காலை. சென்டர் முன்னால் வாளிகளோடு வரிசை நின்றது. கடைசியில், மற்றவர்களிடமிருந்து இரண்டு அடி தள்ளி, ஒரே ஒரு வாளியோடு புஷ்பராணி. அவருக்கு முன்னால் நின்ற செல்வி திரும்பிப் பார்த்தார். தன் வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். புஷ்பராணி அந்த இரண்டு அடியை நடந்து வரிசையோடு சேர்ந்தார்.

சமன் ஒவ்வொருவரிடமும் தமிழில் கேட்டார். புதிதாகப் பாடமாக்கிய கேள்வி அது. "ஊசி போட்டதா?"

"இல்லங்க."

"ஊசி போட்டதா?"

"இல்ல."

செல்வியிடமும் கேட்டார். செல்வி, "எனக்கா, மாட்டுக்கா?" என்றார். வரிசை சிரித்தது.

புஷ்பராணியின் முறை வந்தது. சமன் அவர் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் வாளியை வாங்கக் கை நீட்டினார். அது ஒரு மரியாதை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது.

புஷ்பராணி வாளியைக் கொடுக்கவில்லை.

"கேளுங்க. எல்லார்கிட்டயும் கேட்டீங்கல்ல? என்கிட்டயும் கேளுங்க."

சமன் கையை இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்று, எல்லாரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"ஊசி போட்டதா?"

"புள்ளிக்குப் போட்டிருக்கு. அது பீட்ரூட் போட்டு வீட்டுல இருக்கு. இது செவலையோடது" என்றார் புஷ்பராணி, வரிசையின் கடைசிவரை கேட்கும்படி.

சமன் டேங்கின் மூடியைத் திறந்தார்.